எங்கள் மகளின் கல்லீரலுக்காக உடன் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், தமிழ்நாட்டுப் பொள்ளாச்சி வட்டாரத்து உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், கொச்சியில் எங்களைத் தாங்கிக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வணக்கம்.

பித்த நாள அடைப்போடு பிறந்த எங்கள் மகள் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பி ஓராண்டு நிறைவடைகிறது. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்ல வேண்டிய நன்றியை எழுத்தில் சொல்வதற்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். வழியில் காண்பவர்கள் எல்லாரும் "குழந்தைக்கு என்னதான் செய்தார்கள்?" என்று அக்கறையோடு கேட்பதால், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சருக்கு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் இருப்பது வழக்கம்தான், காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்த நாளில், எடை பார்க்க வந்த அவர் குழந்தையின் முகத்தைப் பார்த்ததைவிட, கழற்றிப் போட்டிருந்த துணியைத்தான் அதிக நேரம் பார்த்தார். அதைத் திண்ணைக்கு எடுத்துச் சென்று, வெளிச்சத்தில் விரித்து, மலம் மஞ்சளாக இல்லாமல் சாம்பல் வெளுப்பாக இருப்பதை என் மனைவிக்குக் காட்டினார். சிறுநீரோ துணியில் கறை படியும் அளவுக்கு அடர் மஞ்சளாக இருந்தது. கீழாநெல்லி அரைத்துக்கொண்டிருந்த என் அம்மாவிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லாமல், "அம்மா, இது அந்தக் காமாலை இல்லை, நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னார். இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்து, மலமும் வெளுத்திருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதை அன்று எங்களுக்குச் சொல்ல அந்தத் தெருவில் வேறு யாரும் இல்லை.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குடலுக்கு வந்து சேர வேண்டிய குழாய்கள் தழும்பேறி மூடிக்கொள்வதுதான் இந்த நோய். ஜப்பானைச் சேர்ந்த மொரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1950களில் இதற்கு ஒரு வழி கண்டார். மூடிப்போன குழாய்களை நீக்கிவிட்டு, குடலின் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து கல்லீரலின் வாயிலிலேயே இணைக்கும் அந்த முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. குழந்தை பிறந்து 60 நாள்களுக்குள் செய்தால் பலன் கூடுதல். அந்தக் கெடுவுக்குள் எங்கள் மகளுக்கும் அது நடந்தது. பித்தநீர் ஓரளவு இறங்கியது. ஆனாலும் கல்லீரல் உள்ளே இறுகிக்கொண்டே போனது. கசாய் அறுவை எங்களுக்குப் பெற்றுத் தந்தது குழந்தை வளர்வதற்கான அவகாசம். அந்த மாதங்கள் இல்லையென்றால் அடுத்த அறுவையை அவள் உடல் தாங்கியிருக்காது.

இந்த இடைக்காலத்தில்தான், அறுவையே வேண்டாம், ஊசி வழியாகக் கல்லீரல் செல்களைச் செலுத்தினால் போதும் என்று ஓரிடத்தில் ஆசை காட்டினார்கள். வீட்டை அடகு வைக்கும் அளவுக்குத் தொகையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது, எங்களைக் கடிந்துகொள்ளாமல், வெளிநோயாளர் கூட்டம் முடியும்வரை காத்திருக்கச் சொல்லி, பிறகு உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கிய இளம் மருத்துவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

அவர் சொன்னதன் சாரம் இது. கல்லீரல் செல் மாற்று என்பது பொய்யான ஆராய்ச்சி அன்று. மாற்று அறுவைக்குப் பயன்படாத கொடைக் கல்லீரல்களை நொதியால் கரைத்துச் செல்களைப் பிரித்தெடுத்து, கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரை வழியாகச் செலுத்துகிறார்கள். நம் ஹைதராபாத்திலேயே, கல்லீரல் திடீரெனச் செயலிழந்த நோயாளிகளுக்குக் கருவின் கல்லீரல் செல்களைச் செலுத்திப் பார்த்த ஆய்வை மருத்துவர் ஹபீபுல்லாவின் குழு 1994இல் வெளியிட்டிருக்கிறது. காமாலைக்குக் காரணமான பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியைப் பக்குவப்படுத்தும் ஒரே ஒரு நொதி இல்லாமல் பிறந்த 10 வயதுச் சிறுமிக்கு அமெரிக்காவில் இவ்வாறு செல் செலுத்தியதில், மஞ்சளைக் குறைக்க அவள் நீல விளக்கின் கீழ்க் கிடக்க வேண்டிய நேரம் வெகுவாகக் குறைந்ததாக 1998இல் எழுதியிருக்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அனில் தவானின் குழு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் மணிகளுக்குள் செல்களை அடைத்து வயிற்றறைக்குள் இடுகிறது. உடலின் எதிர்ப்பாற்றல் அந்த உறையைத் தாண்டிச் செல்லைத் தாக்குவதில்லை. கல்லீரல் திடீரெனச் செயலிழந்த 8 குழந்தைகளுக்கு அப்படிச் செய்ததில் 4 பேர் மாற்று அறுவை இல்லாமலே மீண்டார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்தி, அதன் குறைகளையும் சொன்னார். செலுத்தும் செல்களில் சிறு பங்குதான் நிலைக்கிறது. பலன் பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடுகிறது. நல்ல செல் கிடைப்பதும், உறையவைத்த செல்லைக் கெடாமல் மீட்பதும் இன்னும் தீராத சிக்கல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செல் குறையால் வரும் நோய் வேறு, குழாய் அடைப்பால் வரும் நோய் வேறு. "வடிகால் அடைபட்ட வயலில் எவ்வளவு நல்ல நாற்றை நட்டாலும் அழுகித்தானே போகும்?" என்று சித்தூர்க்காரனிடம் சொல்ல வேண்டிய முறையில் சொன்னார். முடியாது என்பதை ஒரு மருத்துவர் இவ்வளவு தெளிவாகச் சொல்வதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நான் கருதுகிறேன்.

பிறகு கொடையாளர் தேடல். என் மனைவியின் இரத்த வகை பொருந்தவில்லை; என் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. கிணத்துக்கடவில் இருக்கும் என் மனைவியின் தங்கை, யாரும் கேட்பதற்கு முன்பே, "நான் அவளுக்குச் சித்தி, என்னைப் பாருங்கள்" என்று பரிசோதனைக்கு வந்து நின்றார். ஆனால் உறுப்பு மாற்றுச் சட்டத்தின் கண்ணில் சித்தி நெருங்கிய உறவினர் அல்லர். பெற்றோர், உடன்பிறந்தார், கணவன் மனைவி, பிள்ளைகள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் என்பதோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடுகிறது. பணத்துக்காக உறுப்பு கைமாறிவிடக் கூடாது என்பதற்காக வைத்த வேலி அது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொடுப்பவர் தமிழ்நாட்டில், பெறுபவர் கேரளத்தில் என்றால் அந்த வேலியின் கம்பிகள் இரட்டிப்பாகிவிடுகின்றன. அங்கே கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார். இங்கே வில்லேஜ் ஆபீஸ். ஒரு சான்று தமிழில், ஒரு சான்று மலையாளத்தில். இரண்டையும் ஒத்துப்பார்த்து, ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தச் செய்த எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளித் தலைமை ஆசிரியருக்கும், விடுமுறை நாளில் அலுவலகம் திறந்து கையெழுத்திட்ட அலுவலருக்கும் நன்றி. அனுமதிக் குழுவின் முன் தனியாக உட்கார்ந்து, ஒளிப்பதிவுக் கருவிக்கு முன்னால் எல்லாக் கேள்விக்கும் விடை சொன்ன கொழுந்தியாளுக்கும், மறுப்பேதும் இல்லாமல் உடன் வந்த சகலைக்கும் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இரத்த ஓட்டமும் பித்த வழியும் உண்டு என்று பிரான்சின் கூயினோ 1950களில் வகுத்துக் காட்டியதால்தான், உயிரோடிருப்பவரிடமிருந்து ஒரு துண்டை எடுத்துக் கொடுப்பது சாத்தியமாயிற்று. பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் 1989இல் ஒரு தாயின் கல்லீரல் பகுதியை மகனுக்கு வெற்றியோடு பொருத்தினார். இந்தியாவில் 1998இல் தில்லியில் கல்லீரல் மாற்று அறுவையால் இதே நோயிலிருந்து மீண்ட முதல் குழந்தை நம் காஞ்சிபுரத்துக் குழந்தை, தந்தது தந்தை. எங்கள் மகளுக்கு எடுத்தது இடப்பக்கத்து இரண்டாம், மூன்றாம் பகுதிகள், சித்தியின் கல்லீரலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. வெட்டிய இடத்தில் அது மறுபடி முளைப்பதில்லை. எஞ்சிய பகுதிதான் பருத்து அளவை ஈடுகட்டுகிறது. மீயொலிக் கருவியால் இரத்தக் குழாய்களைக் காயப்படுத்தாமல் திசுவைப் பிரித்தவர்களுக்கும், நூல் பருமனுள்ள தமனியை நுண்ணோக்கி வைத்துத் தைத்தவர்களுக்கும், விடிய விடிய டாப்ளர் ஸ்கேனில் அந்தத் தமனியில் இரத்தம் ஓடுகிறதா என்று பார்த்துச் சொன்னவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

செவிலியர்கள் கற்றுக்கொடுத்தபடி, புதிய கல்லீரலை உடல் ஏற்க மறுக்காமல் காக்கும் டாக்ரோலிமஸ் மருந்தைக் காலையும் மாலையும் நேரம் தவறாமல் கொடுத்துவருகிறோம். ஜப்பானில் ஒரு பிடி மண்ணிலிருந்த நுண்ணுயிரில் 1984இல் கண்டெடுத்த மருந்தாம் அது.

தைவானில் 2004 முதல், பிறந்த குழந்தையின் மல நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் வண்ண அட்டையைத் தாய்மாருக்குக் கொடுத்துவருகிறார்கள். அத்தகைய அட்டையை நம் ஊராட்சி அங்கன்வாடிகளில் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு வைக்க அங்கன்வாடி டீச்சர் ஊராட்சிக்கு மனு கொடுத்திருக்கிறார். கையெழுத்திட விரும்புவோர் அவரை அணுகலாம்.

வேலந்தாவளம் சந்தை வியாபாரிகளும் தென்னந்தோப்புத் தொழிலாளர்களும் திரட்டித் தந்த தொகையின் வரவு செலவை வாசகசாலைப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மருந்துச் செலவு போக மீந்ததை, கசாய் அறுவைக்குக் காத்திருக்கும் சித்தூர்க் குழந்தை ஒன்றின் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டோம். அதற்கான ரசீதும் பலகையில் இருக்கிறது.

இப்படிக்கு,
நன்றியுடன்,
குழந்தையின் பெற்றோர்,
கொழிஞ்சாம்பாறை.