அந்தியூர் சந்தையில் உதவிய பெரியவருக்கு நன்றி

ஆடித் திருவிழா விடுமுறைக்குக் கல்லூரித் தோழிகள் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பினோம். பவானி கூடுதுறையில் குளித்து, சங்கமேசுவரரைக் கும்பிட்டுவிட்டு, அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு வந்தோம். அங்கே கூடும் சந்தையைப் பார்க்கத்தான் அத்தனை ஆசை. ஒரு பக்கம் கத்தியவார், மார்வார் குதிரைகள். இன்னொரு பக்கம் செம்மேனியில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மலை மாடுகள். அவ்வளவு அழகு!

கூட்டத்தில் ஒரு தோழிக்குக் கால் பிசகிவிட்டது. நிற்கவே முடியவில்லை. காரோ வெகு தொலைவில். மாடு கட்டியிருந்த நீங்கள்தான் எழுந்து வந்தீர்கள். “அம்மிணி, காலை ஊனாதீங்க, இப்படி உக்காருங்க” என்று கயிற்றுக் கட்டிலைக் கொடுத்தீர்கள். துண்டை நனைத்துக் கட்டிவிட்டீர்கள். அப்புறம், விலை பேசிக்கொண்டிருந்தவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, உங்கள் குட்டியானை வண்டியில் ஏற்றி எங்களை மருத்துவமனை வாசலில் இறக்கினீர்கள். சந்தை நாளில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விவசாயி வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும். டீசலுக்கு நீட்டிய பணத்தைத் தொடவே இல்லை. பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள்.

எலும்பு முறியவில்லை, தோழி இப்போது நன்றாக நடக்கிறாள். உங்கள் காளை நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டும் என்று எல்லாரும் வேண்டிக்கொண்டோம். ரொம்ப நன்றிங்க ஐயா.