அந்தப் பெண்ணிடம் 52-ஐக் காட்டச் சொல்

சார்லட், வட கரோலினா
பிப்ரவரி 8, 2025, சனிக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்த்துக்கொண்டே நாட்களை ஓட்ட வேண்டாம், ஒரு தடவை கோவில்பட்டிக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடு. நீ அனுப்பிய கடலைமிட்டாய் உடையாமல் வந்து சேர்ந்தது. என் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுக்க ஆசைப்பட்டேன், முடியவில்லை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் எங்கள் பள்ளிக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது. வீட்டிலேயே தின்று தீர்த்தோம்.

போன ஞாயிறு போனில் நீ சொன்னது வாரம் முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நாலாம் வகுப்பு வந்தும் உன் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை, எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் தப்பாகவே போடுகிறாள், "அது அவ்வளவுதான், தேறாது" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கி, "நீ அங்க என்னதான் வேல பாக்குற, டியூஷனா?" என்று கேட்டாள். இரண்டுக்கும் சேர்த்து எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

என் வேலைக்கு இங்கே மேத் இன்டர்வென்ஷன் ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர். கணக்கில் பின்தங்கிவிட்ட பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே நாலைந்து பேராகக் கூட்டி வைத்து, விட்டுப்போனதைப் பிடித்துக் கொடுப்பது. டியூஷன் என்றால் வகுப்பில் நடந்த பாடத்தையே இன்னொரு தடவை நடத்துவோம். இதில் பிள்ளைக்கு எந்த இடத்தில் அறுந்ததோ அந்த இடத்துக்குப் போக வேண்டும். அது இரண்டு வகுப்புக்குக் கீழேகூட இருக்கும்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நீ பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்கிறாயே, கிட்டத்தட்ட அது மாதிரி இங்கேயும் மூன்று அடுக்கு. முதல் அடுக்கு, வகுப்பு ஆசிரியர் எல்லோருக்கும் நடத்தும் பாடம். அதில் ஏறாதவர்களுக்குச் சிறு குழுவில் அரை மணி நேரம், அது இரண்டாவது. அதிலும் ஏறாத ஒன்றிரண்டு பேருக்கு இன்னும் நெருக்கமாக, இன்னும் அதிக நாள். நூற்றுக்கு எண்பது பேர் முதல் அடுக்கிலேயே தேறிவிட வேண்டும் என்று பயிற்சியில் சொல்வார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் எங்கள் பள்ளியில் அந்தக் கணக்கு நிற்பதில்லை. கொரோனாவுக்குப் பிறகு நாடு முழுவதுமே இறங்கித்தான் போனது. 2022-ல் நடந்த தேசிய மதிப்பீட்டில் நாலாம் வகுப்பின் கணக்குச் சராசரி 2019-ஐவிட 5 புள்ளி குறைந்தது, எட்டாம் வகுப்பில் 8 புள்ளி. 1990-ல் அந்தத் தேர்வு தொடங்கிய பிறகு கணக்கில் அவ்வளவு பெரிய சரிவு வந்ததில்லை. அந்தக் காலத்துக்காக மத்திய அரசு மூன்று தவணையாகப் பள்ளிகளுக்கு ஒதுக்கியது கிட்டத்தட்ட 19,000 கோடி டாலர். அதன் கெடு 2024 செப்டம்பரோடு முடிந்தது. அந்தப் பணத்தில் வந்த கணக்கு உதவியாளர்கள் இரண்டு பேர் எங்கள் பள்ளியில் இப்போது இல்லை. அவர்கள் பார்த்த பிள்ளைகளும் என் மேசைக்கு வந்துவிட்டார்கள்.

என் அறை முன்பு பொருள் போட்டு வைத்திருந்த இடம். சன்னல் கிடையாது. அவரைக்கொட்டை வடிவத்தில் ஒரு மேசை, அதன் உள்வளைவில் நான், வெளிவளைவில் பிள்ளைகள். எல்லோருடைய கையும் எனக்குத் தெரியும். எனக்கு அதுதான் முக்கியம், அக்கா. வருடத்துக்கு மூன்று தடவை, பள்ளி திறந்ததும், ஜனவரியிலும், கடைசியிலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் கணினியில் ஒரு சோதனை வைக்கிறார்கள். யார் பின்னால் நிற்கிறார்கள் என்று அது சொல்லிவிடும். ஏன் நிற்கிறார்கள் என்பதைக் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு. பெயர் எழுத மாட்டேன். பிள்ளையின் பள்ளி விவரத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பள்ளிக்கு வெளியே சொல்லக் கூடாது என்று இங்கே 1974-லிருந்து சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். அக்டோபரில் அவன் என்னிடம் வந்தபோது 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னேன். 35 என்று எழுதினான். கீழே 7, மேலே 2. ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போட்டிருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "பெரிய எண்ணிலிருந்துதானே சின்ன எண்ணை எடுக்கணும்?" என்றான். முதல் வகுப்பில் யாரோ சொன்னதை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறான். உன் வகுப்புப் பெண்ணும் இதைத்தான் செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

பழைய ஆளாக இருந்தால் அங்கேயே, "இரண்டில் ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று ஆரம்பித்திருப்பேன். அப்படிச் செய்யாமல் கட்டைகளை அவன் பக்கம் தள்ளி, "52-ஐ எனக்குக் காட்டு" என்றேன். சின்னக் கட்டை என்றால் ஒன்று, நீளக் கட்டை என்றால் பத்து. அவன் ஐந்து சின்னக் கட்டைகளை எடுத்து இடது பக்கம் வைத்தான். கொஞ்சம் இடம் விட்டு, இரண்டு சின்னக் கட்டைகளை வலது பக்கம் வைத்தான். கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

ஏழு கட்டை. அவனுக்கு 52 என்றால் ஏழு கட்டை.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஐந்து என்பது ஐம்பது என்றே தெரியாத பிள்ளையிடம் போய்க் கடன் வாங்கு என்றால் எங்கிருந்து வாங்குவான்? நாம் பத்து என்று நினைத்துக் கொடுப்பது அவன் கையில் ஒன்றாகத்தானே விழும்?

நீளக் கட்டையில் இன்னொரு சிக்கல், பத்தும் ஒட்டியே வருகிறது, பிரிக்க முடியாது. அதனால் ஐஸ் குச்சிப் பாக்கெட்டும் ரப்பர் பேண்டும் வாங்கினேன். நம் ஊர்ப் பள்ளியில் விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருப்பார்களே, அது நினைவுக்கு வந்தது. இரண்டு வாரம் கழித்தலே கிடையாது. எண்ணுவான், பத்து சேர்ந்ததும் கட்டுவான், அவிழ்ப்பான், மறுபடி எண்ணுவான். மூன்றாவது வாரம் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் வைத்துவிட்டு, "எனக்கு 27 கொடு" என்றேன். இரண்டு குச்சிக்கட்டுகளை உடனே கொடுத்துவிட்டான். இன்னும் ஏழு வேண்டும். முன்னால் கிடப்பது இரண்டு குச்சி. கை அதன்மேலேயே நின்றது. அப்புறம் பக்கத்துக் கட்டுக்குப் போனது, நின்றது. "அவிழ்க்கலாமா?" என்று கேட்டான். "உன் குச்சிதானே" என்றேன். இழுத்த வேகத்தில் ரப்பர் பேண்ட் அறுந்து மேசைக்கு அடியில் போய் விழுந்தது, குச்சி எல்லாம் சிதறிவிட்டது. பொறுக்கி எண்ணினான், பன்னிரண்டு. ஏழு குச்சியை என் கையில் கொடுத்தான். மிச்சத்தை எண்ணி, நம்பாமல் இன்னொரு தடவை எண்ணி, "25" என்றான். அன்றைக்கு நான் நோட்டில் ஒன்றும் எழுத வைக்கவில்லை.

அதற்குப் பிறகு குச்சியை எடுத்துவிட்டுப் படம்: பத்துக்கு ஒரு கோடு, ஒன்றுக்கு ஒரு புள்ளி. அது கைக்கு வந்த பிறகுதான் எண்கள். பி.எட்.டில் உளவியலாளர் புரூனர் சொன்னது என்று மனப்பாடம் செய்தோமே, முதலில் கையால், பிறகு படத்தால், பிறகு குறியால் என்று, அதேதான். தேர்வில் அதற்கு நிறைய மார்க் வாங்கினேன். வகுப்பில் ஒரு நாளும் செய்ததில்லை. இங்கே கடன் வாங்குவது என்ற சொல்லையும் விட்டுவிட்டார்கள். வாங்கிய கடனை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லையே, அது பிள்ளையைக் குழப்பும் என்பார்கள். உன் புத்தகத்திலும் இப்போது இனமாற்றம் என்றுதானே இருக்கிறது? பத்து ஒன்றுகளாக மாறுகிறது, வேறு எங்கும் போகவில்லை. எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது.

பத்தைப் பற்றிப் பேசும்போது நம் தமிழை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பதினொன்று என்றால் பத்தும் ஒன்றும், சொல்லுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது. இவர்களுக்கு லெவன், ட்வெல்வ் என்பதில் பத்து காதில் விழுவதே இல்லை. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் ஒரே மாதிரி கேட்கும். ஹோண்டுராஸிலிருந்து வந்த ஒரு சிறுமி 15 என்று சொன்னால் 51 என்று எழுதுவாள். ஐந்துதானே முதலில் காதில் விழுகிறது, அவள் கேட்டபடிதான் எழுதுகிறாள். ஸ்பானிஷிலும் பதினைந்து வரை தனித்தனிச் சொல், பதினாறிலிருந்துதான் பத்தும் ஆறும் என்று வருகிறது. ஒரு நாள் நம் எண்களைச் சொல்லிக் காட்டினேன். "உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஈஸி" என்றாள். நமக்கும் தொண்ணூறு, தொள்ளாயிரம் எல்லாம் இடறும் என்று சொன்னதும்தான் சமாதானம் ஆனாள்.

இன்னொன்று, அப்பா கடைத் தராசு. 8 + 4 = ▢ + 5 என்று எழுதிக் கட்டத்தில் என்ன வரும் என்று உன் வகுப்பில் கேட்டுப் பார். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 12 என்று போடுகிறார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 போடுகிறார்கள். சமக்குறி என்றால் "இங்கே விடை எழுது" என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. அப்பா மண்டவெல்லம் நிறுக்கும்போது முள் நடுவில் வந்து நிற்கிறதா என்று நாம் இரண்டு பேரும் கல்லாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்போமே, அதை நினைத்துத்தான் ஒரு சின்னத் தராசு வாங்கி மேசையில் வைத்தேன். இந்தத் தட்டில் எட்டும் நாலும், அந்தத் தட்டில் ஐந்து. இன்னும் எத்தனை போட்டால் முள் நடுவுக்கு வரும்? ஒவ்வொன்றாகப் போடுவார்கள். ஏழாவது விழும்போது மேசையே அமைதியாகிவிடும்.

எல்லா நாளும் இப்படிப் போகாது. நான் முன்பு இருந்த ஒரு பள்ளியில், யாராவது ஆசிரியர் லீவு போட்டால் என்னை அந்த வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள். வாரத்தில் இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள் என் குழுக்கள் நடக்காது. வருடக் கடைசியில் பிள்ளைகள் முன்னேறவில்லையே என்று என்னையே கேட்டார்கள். மதியம் விளையாட்டு நேரத்தில் பிள்ளைகளை என்னிடம் அனுப்பிய வகுப்புகளும் உண்டு. கணக்கு வராததற்கு விளையாட்டைப் பிடுங்கினால் அந்தப் பிள்ளை கணக்கை எப்படி விரும்பும்? இங்கே அதற்கு நான் சம்மதிப்பதில்லை. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன், கேட்டுக்கொண்டார்.

ஒவ்வொரு வெள்ளியும் ஒரு சின்னச் சோதனை வைத்து வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். இலக்குக் கோட்டுக்குக் கீழே நாலு புள்ளி தொடர்ந்து விழுந்தால், சொல்லிக் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். பிள்ளையைக் குறை சொல்லி அங்கே எழுத இடமே கிடையாது. இந்த விதி எனக்கு முதல் வருடமே தெரிந்திருந்தால் என்று ராத்திரியில் நினைத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால், ஊரில் நான் ஆறாம் வகுப்பு எடுத்தபோது ஒரு பெண்ணைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன். உன்னிடம்கூடச் சொன்னதில்லை. வகுத்தல் கணக்கு. "இதுகூடத் தெரியாதா" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பாடவேளை முடிகிறவரை நின்றாள், பாவாடை ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. அடுத்த வருடம் அவள் பள்ளிக்கு வரவில்லை. கல்யாணமா, தீப்பெட்டி ஆபீஸா, நான் விசாரிக்கவும் இல்லை. அவளிடம் ஒரு நாள் ஒரு எண்ணைக் காட்டச் சொல்லியிருந்தால் நான் எதைப் பார்த்திருப்பேன் என்று இந்த மேசையில் உட்காரும்போதெல்லாம் தோன்றுகிறது. அதனால்தான் நீ "தேறாது" என்றதும் எனக்கு வாயடைத்துவிட்டது. உன் மேல் கோபம் இல்லை, அக்கா. ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு நீ படும் பாடு எனக்குத் தெரியும். எனக்கு நாலைந்து பேர்தான், உனக்கு முப்பது பேர்.

ஒரு பத்து நிமிடம் மட்டும் எடு. மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு. நோட்டு வேண்டாம். ஈர்க்குச்சிக் கட்டு எட்டு, உதிரி இருபது, அவள் முன்னால் வை. 52-ஐக் காட்டச் சொல். அவள் எதை எடுத்தாலும் முகத்தைச் சுளிக்காதே, சரியா தப்பா என்று சொல்லவும் சொல்லாதே. "எப்படி எடுத்தாய்?" என்று மட்டும் கேள். அவள் தரையில் எதை எதை வைத்தாள், வாயால் என்ன சொன்னாள் என்று அப்படியே எனக்கு எழுது. அவள் சொன்ன சொல்லிலேயே எழுது, நீ திருத்தாதே. அங்கிருந்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்.

அம்மாவிடம் சொல், டியூஷன் இல்லை என்று.

அன்புடன்,
உன் தங்கை

பி.கு.: ரப்பர் பேண்ட் நிறைய வாங்கி வைத்துக்கொள். அறுந்துகொண்டே இருக்கும்.