அறுப்பின் பண்டிகைக்கு வா

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுவது. பாலக்கோட்டில் எல்லாரும் சுகம். அப்பாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். தக்காளி விலை இறங்கிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் போன் வருவதுதான் நின்றுபோச்சு. வேலை என்பாய். இருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு.

வருகிற ஞாயிறு நம் சபையில் அறுப்பின் பண்டிகை. புதிதாக வருகிறவர்களைக் கவனிக்கும் பொறுப்பை ஆயர் என்னிடம் விட்டிருக்கிறார். அன்றைக்கு அக்கம்பக்கத்து ஜனங்களும் வருவார்கள், எல்லாரும் சபை தெரிந்தவர்கள் இல்லையே. அதனால் வாசலில் நிற்கும் வாலிபர்களுக்கு முதலில் சொல்லிவைத்தது: பேரைக் கேளு, அதோடு நிறுத்து. எந்த ஊர் என்று ஆரம்பித்து எந்தத் தெரு என்று போனால், கேட்டது சாதி என்று கேட்கப்பட்டவருக்குத் தெரியும். பொட்டு வைத்து வந்தாலும், முக்காடு போடாமல் இருந்தாலும் யாரும் வாய் திறக்கக்கூடாது. உன் பெரியம்மாவிடம் இதைத் தனியாகவும் சொல்லிவிட்டேன்.

மரியாதை என்று நினைத்துப் புது ஆளை முதல் வரிசையில் உட்காரவைப்பார்கள். அது தப்பு. எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று பார்த்துச் செய்ய முன்னால் நாலு முதுகு வேண்டும். பெண்கள் பக்கம் தூண் ஓரம் என் பக்கத்தில் ஒரு இடம் வைத்திருப்பேன். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தே கையில் கொடுப்பேன். வேதாகமத்தில் சங்கீதம் என்று சொன்னால் தேடித் திணறுவார்கள், பக்க எண் சொன்னால் போதும். காணிக்கைப் பையை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்காமல் அப்படியே அடுத்தவருக்குக் கடத்திவிட வேண்டும். திருவிருந்தில் அப்பமும் ரசமும் எடுக்காதவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கலாம். தலைகுனிந்து முன்னால் வந்தால் ஆயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். யாரையும் ஒரு கேள்வி கேட்கமாட்டோம்.

ஆராதனை முடிந்ததும் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுவோம். ராகி, புளி, தேங்காய், நாட்டுக்கோழி எல்லாம் வரும். ஒரு பூசணிக்காயை எடுத்தவர் மறுபடி காணிக்கையாகவே கொடுப்பார், அது திரும்ப ஏலத்துக்கு வரும். பழக்கமில்லாதவர்கள் இதைப் பார்த்து மிரண்டுபோவார்கள். வேடிக்கை பார்த்தால் போதும், ஏலம் கேட்கவேண்டியதில்லை என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஏலம் கேட்டுவிட்டுப் பணம் தராமல் போகிறவர்கள் நம் ஆட்கள்தான், அதனால் அப்பா நோட்டில் பெயரும் தொகையும் உடனே எழுதிக்கொள்வார்.

சாப்பாடு 120 பேருக்கு. 15 கிலோ அரிசி, சாம்பாருக்கு மூன்றரை கிலோ துவரம்பருப்பு. போர் தண்ணீரில் வேகவைத்தால் எவ்வளவு நேரம் எரித்தாலும் பருப்பு குழையாது, அவ்வளவு சுண்ணாம்பு. அதனால் பருப்புக்கும் குடிக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைத்தான் முந்தின நாளே பிடித்துவைக்கிறோம். போர் தண்ணீரில் பல்லைக் கெடுக்கும் புளோரைடும் அதிகம், 2013ல் அந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததால் நம் ஜில்லாப் பிள்ளைகளின் பல் பிழைத்தது. கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட கூடும். ஓய்வுநாள் பள்ளியில் நீ இதைப் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்ததை இன்னும் பேசுகிறார்கள். அப்படிச் சொல்லிக்கொடுத்தவனுக்கு அம்மாவுக்குப் போன் பண்ணத் தெரியவில்லை.

கறி சாப்பிடாதவர்களுக்குச் சாம்பார் அண்டாவைத் தனியாக, பந்தலுக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். போன தடவை பரிமாறுகிற அவசரத்தில் கோழிக் குழம்புக் கரண்டியை யாரோ அதில் விட்டுவிட்டார்கள். இப்போது கரண்டியில் சிவப்பு நூல் கட்டியாச்சு.

அன்றைக்குப் போனில் யாரிடமோ "ரெண்டு டிக்கெட்" என்று சொன்னாய். காதில் விழுந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கமாட்டார், அவரிடம் பேசிவிட்டேன்.

ஓசூர் வழியாக வரும் ரயில் பாலக்கோட்டில் நிற்குமா என்று பார்த்து ஏறு. நிற்காவிட்டால் தர்மபுரியில் இறங்கு, தம்பி வண்டி கொண்டுவருவான். வெறும் வயிற்றில் ஏறாதே. இங்கே யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள், நான் இருக்கிறேன்.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போகிறேன். கோழியா சாம்பாரா, எத்தனை இலை என்று அதற்குள் சொல்லிவிடு.

அம்மா