போனை எடுத்த அந்த அண்ணனுக்கு நன்றி

தம்பிக்காக, குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் பக்கத்தில் எங்கே நடக்கிறது என்று தேடியபோது, உதவி எண்ணில் பேசிய அண்ணனுக்கு இந்த நன்றி. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. 1935-இல் தொடங்கிய அந்த அமைப்பின் வழக்கமே அதுதானாம்.

முகவரியைச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்திருக்கலாம். "தம்பி பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கரில் போடும்மா" என்றார். கட்டணம் கிடையாது, குடியை விடவேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்து கேட்கலாம் என்று நிதானமாகச் சொன்னார். அப்புறம், "நானும் குடித்தவன்தான் தம்பி" என்றார். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம், மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும் என்று விளக்கியதும் அவர்தான். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அழுத்திச் சொன்னார். இதை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் இருப்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

தம்பி இப்போது வாராவாரம் போகிறான். அண்ணா, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.