அண்டர்வுட் 5-ஐச் செய்த வாக்னருக்கு

மதிப்பிற்குரிய ஃபிரான்ஸ் வாக்னர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் 1907-இல் காலமாகிவிட்டீர்கள். இந்தக் கடிதம் எங்கேயும் போய்ச் சேராது என்று தெரிந்தும் எழுதுகிறேன். என் மேசையில் உட்கார்ந்திருக்கும் அண்டர்வுட் 5 டைப்ரைட்டரைப் பற்றி உங்களை விட்டால் வேறு யாரிடம் பேசுவது? பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முன்பக்கத்துப் பொன்னெழுத்தைப் படித்துவிட்டு, "அண்டர்வுட்தான் இதைக் கண்டுபிடித்தாரா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

ஜான் அண்டர்வுட் டைப்ரைட்டருக்கான மை ரிப்பனும் கார்பன் தாளும் விற்ற வியாபாரி. 1890-களின் நடுவில் உங்கள் வடிவமைப்பைக் கையில் எடுத்தார். முதலில் வந்த 1, 2 மாடல்களின் முதுகிலாவது 'வாக்னர் டைப்ரைட்டர் கம்பெனி' என்று இருந்தது. 1900-இல் நம்பர் 5 வந்தது; கொஞ்ச காலத்தில் முதுகில் இருந்த பெயரும் போயிற்று. பணம் போட்டவர் பெயர் நின்றுவிட்டது. வழக்கமான கதைதான், விடுங்கள்.

அடித்த எழுத்து உடனே கண்ணில் படும்படி நீங்கள் செய்ததன் அருமை இன்றைக்குப் பலருக்குப் புரிவதில்லை. திரையில் எழுத்து தெரிவது போலத்தான் தாளிலும் தெரியும், இதில் என்ன பெரிய விஷயம் என்பார்கள். 1874-இல் ரெமிங்டன் விற்பனைக்குக் கொண்டுவந்த ஷோல்ஸ்-கிளிடன் மெஷினில் முனையில் எழுத்து உள்ள கம்பிகள், தாள் சுற்றிய ரோலருக்கு அடியில் வட்டமாகத் தொங்கும். கீயை அடித்தால் கீழிருந்து மேலே போய்த் தாளைத் தட்டும். அடித்தது கண்ணுக்குத் தெரியாது. தப்பு வந்ததா என்று பார்க்க, ரோலரைத் தாங்கி நகரும் கேரேஜையே தூக்க வேண்டும், இல்லையென்றால் தாள் சுற்றி மேலே வரும்வரை இன்னும் சில வரிகள் அடித்துக்கொண்டே போக வேண்டும். இப்படிக் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஒரு தலைமுறையே கடிதம் அடித்தது. முன்பு உங்கள் கைபட்ட காலிகிராஃப் டைப்ரைட்டரும் அந்த ரகம்தானே, ஐயா? அந்த எரிச்சலே உங்களை இதற்குத் தள்ளியிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் எஃப் கீயை மிக மெதுவாக அழுத்திப் பார்த்தேன். அரைவட்டமாகப் படுத்திருக்கும் கம்பிகளில் ஒன்று மட்டும் சோம்பேறித்தனமாகத் தலையைத் தூக்கியது. அதோடு ரிப்பனும் தாளை மறைத்தபடி எழுந்தது. பாதி தூரம் வரை இந்த நிதானம்தான். அப்புறம் விரலின் வேகம் மாறாமலே கம்பி மட்டும் திடீரென்று வேகமெடுத்து, நடுவில் இருக்கும் சின்னக் கவட்டைக்குள் புகுந்து ரோலரை அடித்தது. விரலை எடுத்தேன்: கம்பி விழுந்தது, ரிப்பன் இறங்கியது, கேரேஜ் ஒரு பல் நகர்ந்தது, எழுத்து அங்கே ஈரத்தோடு தெரிந்தது. அந்தக் கவட்டையை வைத்ததற்குத் தனியாக ஒரு கும்பிடு. கம்பி தேய்ந்து ஆடினாலும் எழுத்து இடம் மாறாமல் விழுகிறதே!

கண்ணுக்குத் தெரிய அடிப்பதில் நீங்கள் முதல் ஆள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டாகர்ட்டி என்பவர் உங்களுக்கு முன்பே, கம்பிகள் முன்பக்கமிருந்து தாளை அடிக்கும் மெஷின் செய்தார். ஆலிவர் மெஷினில் இரண்டு பக்கமும் காது முளைத்த மாதிரி கம்பிகள் நின்று மேலிருந்து அடித்தன. ஆனால் நாள் முழுக்க வேகமாக அடித்தாலும் தாங்கிய உங்கள் ஏற்பாடுதான் நிலைத்தது. ரெமிங்டனே 1908-இல் இந்த வழிக்கு வந்தது. நம்பர் 5 ஏறத்தாழ முப்பது வருடம் லட்சக்கணக்கில் விற்றது. உங்களுக்குப் பின் வந்த டைப்ரைட்டர்களில் பெரும்பாலானவை இதே முகஜாடைதான்.

குறையும் உண்டு. என் மெஷினில் 1 என்ற எண்ணே இல்லை. சின்ன எல்-ஐ அடித்துச் சமாளிக்க வேண்டும். ஆச்சரியக்குறிக்கு ஒற்றை மேற்கோள் குறியை அடித்து, ஒரு இடம் பின்னால் வந்து, அடியில் புள்ளி வைக்க வேண்டும். இதெல்லாம் பழகிவிட்டது. ஷிப்ட்தான் பழகவில்லை. பெரிய எழுத்து வேண்டுமென்றால் அவ்வளவு கனமான கேரேஜைச் சுண்டுவிரலால் தூக்கச் சொல்கிறீர்களே, நியாயமா? பின்னால் வந்தவர்கள் கேரேஜை அசைக்காமல் கம்பிக் கூடையை மட்டும் இறக்கிக் கொடுத்தார்கள்.

என் தப்பையும் சொல்கிறேன். வாங்கிய புதிதில், கம்பிகள் மெதுவாக எழுகின்றன என்று அவை பொருந்தியிருக்கும் பள்ளங்களில் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் பறந்தது. பிறகு எண்ணெயில் தூசி ஒட்டிப் பசையாகி, மொத்தமாக மக்கர் பண்ணியது. ஸ்பிரிட்டும் பழைய பல் தூரிகையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போயிற்று. அந்த இடம் உலர்ந்தே இருக்க வேண்டுமாம்.

சுத்தம் செய்து முடித்த கையோடு ஒரு துண்டுத் தாளில் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, மெஷினின் முதுகில் ஒட்டிவிட்டேன். சுண்டுவிரல் ஷிப்டைச் சரியாக அழுத்தவில்லை. டபிள்யூ மட்டும் வரியை விட்டு மேலே ஏறி நிற்கிறது. மன்னிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மெஷினில் தினமும் அடிக்கும் ஒருவன்