செயலாளர் அறிக்கை 2024-25: டிஸ்சார்ஜ் சீட்டை யார் படிப்பது?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். குடிநீர், தெருவிளக்கு, சந்தா பாக்கி எல்லாம் பொருளாளர் அறிக்கையில் இருக்கிறது, பாக்கிக்காரர்கள் அதையும் படிக்கவும். நான் எழுத வந்தது, ஆஸ்பத்திரியில் தரும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவந்து கூடிப் படிக்கும் ஞாயிறு மாலை சீட்டு வாசிப்பைப் பற்றி.

இது என் சொந்த முட்டாள்தனத்தில் தொடங்கியது. கண்புரை ஆபரேஷன் முடிந்து வந்தேன். சொட்டு மருந்தை வாரா வாரம் குறைத்துக்கொண்டே போய் நிறுத்த வேண்டும் என்று சீட்டில் இருந்தது. பார்வை பளிச்சென்று வந்ததும் பத்தாம் நாளே நிறுத்திவிட்டேன், கண் சிவந்து திரும்ப ஓடினேன். பில் போட மூன்று மணி நேரம், மருந்து விளக்க மூன்று நிமிடம், அதற்கும் நான் தலையாட்டிவிட்டேன்.

நாலாவது தெரு அக்காவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன். வலிக்கு இதமாக முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தே படுத்திருந்ததில் கால் நீட்ட வராமல் போய், பிசியோதெரபிஸ்ட் வந்து தலையணையைக் குதிகாலுக்கு அடியில் மாற்றிய பிறகு எத்தனையோ வாரம் பாடுபட்டார். பைலில் எழுதித்தான் இருந்தது, ஆங்கிலத்தில், ஸ்கேன் ரசீதுக்குப் பின்னால். மகள் பி.இ. படித்தவர், ஆகவே இது படிப்பு மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. போதாக்குறைக்குச் சீழ் பிடிக்கும் என்று முட்டையும் பருப்பும் நிறுத்திப் பத்தியம் வேறு. புண் ஆறுவதற்கே புரதம்தான் வேண்டும்.

இந்த வாசிப்பை நடத்தும் நம் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "சரி, வீட்டுல எதை எப்போ போடுவீங்க, நீங்களே சொல்லுங்க" என்பார். அப்போதுதான் குட்டு வெளிப்படும். இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்த ஒருவர், பல் பிடுங்க வேண்டும் என்று ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தானாகவே நிறுத்த இருந்தார். நிறுத்தினால் ஸ்டென்டிலேயே ரத்தம் கட்டலாம், அங்கேயே நர்ஸ் அம்மா அவரை இதய டாக்டருக்குப் போன் போட வைத்தார். இன்னொருவர் ஆபரேஷனுக்குப் பின் வீங்கிய கெண்டைக்காலை எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்தார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம், உருவாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2021இல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள் என்பதும் பலருக்கு அங்கேதான் தெரிந்தது.

குறை: ஆண்கள் வருவதே இல்லை, மனைவியிடம் சீட்டைக் கொடுத்தனுப்புகிறார்கள். அப்புறம், செல்போனில் எடுத்த படம் வேண்டாம், எழுத்து தெரிவதில்லை. பைலையே கொண்டுவரவும்.