பரந்தூருக்கு எந்த மூன்று எழுத்து? டி.ஜி.சி.ஏ-வுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும், இந்திய விமான நிலைய ஆணைய அதிகாரிகளுக்கும் வணக்கம்.

சென்னைக்கு இரண்டாவது விமான நிலையமாக வரவிருக்கும் பரந்தூருக்கு என்ன குறியீடு வைப்பது என்பது பற்றித்தான் இந்தக் கடிதம். திருச்சியில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாக டிக்கெட் போடுவதுதான் பிழைப்பு. இந்தத் தொழிலில் கொஞ்ச நாள் இருந்தால் ஊர்களெல்லாம் மூன்று எழுத்தாகச் சுருங்கிவிடும். மகளை மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால் எனக்குள் ஐ.எக்ஸ்.எம் என்று ஓடும். வீட்டில் இதற்காகவே கேலி செய்வார்கள்.

எழுதத் தூண்டியது ஒரு போன். புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஷார்ஜாவில் வேலை. வழக்கமாக என்னிடம்தான் டிக்கெட் போடுவார். அந்த முறை அறையில் கூட இருந்த நண்பர் மொபைலிலேயே மலிவாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். விடியற்காலை எனக்கு அழைப்பு: "அண்ணே, இறங்கிட்டேன். ஆனா இங்க எல்லாரும் மலையாளம் பேசுறாங்கண்ணே." டி.ஆர்.இஸட் என்றால் திருச்சி. டி.ஆர்.வி என்றால் திருவனந்தபுரம். சின்னத் திரையில் இரண்டு ஊரின் பெயரும் "திரு" என்று தொடங்கிப் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். மிச்சத்தைக் கடைசி எழுத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே திருச்சி விமான நிலைய வாசலில் அவருடைய அம்மா, மனைவி, வாடகை வேன். அவர் நாகர்கோவில், மதுரை என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. நிறுவனத்தைக் கேட்டால், நீங்கள் கேட்ட ஊரில்தானே இறக்கிவிட்டோம் என்றார்கள். அதுவும் சரிதான்.

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் நடப்பதில்லை. செனகலின் டக்காருக்குப் போக வேண்டிய ஓர் அமெரிக்கத் தம்பதி வங்கதேசத்தின் டாக்காவில் போய் இறங்கியது பத்திரிகைகளில் வந்த செய்தி. ஒன்று டி.கே.ஆர், இன்னொன்று டி.ஏ.சி. ஆஸ்திரேலியாவின் சிட்னி என்று நினைத்துக் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சிட்னிக்குப் போனவர்களும் உண்டு.

மூன்றெழுத்துக் குறியீடு எங்கள் வேலையே இல்லை, அதைக் கொடுப்பது ஐயாட்டா என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஐயாட்டா அரசு அமைப்பு அல்ல, விமான நிறுவனங்களின் சங்கம். நிறுவனங்கள் கேட்டால், 763ஆம் தீர்மானத்தில் உள்ள விதிப்படி குறியீடு தரும். மொத்தமாக அமையக்கூடிய சேர்க்கைகள் 17,576 தான். நல்லதெல்லாம் எப்போதோ போய்விட்டது. திருச்சிக்குப் பொருத்தமாக இருந்திருக்கும் டி.ஆர்.ஐ அமெரிக்காவின் டென்னசியில் இருக்கிறது. ரயில்வே மதுரைக்கு வைத்திருக்கும் எம்.டி.யு, விமானத்தில் பப்புவா நியூகினியின் மெண்டி என்ற ஊருக்குப் போய்விட்டது.

ஆனால் நான்கெழுத்து உங்கள் பக்கம். ஐ.சி.ஏ.ஓ என்ற சர்வதேச அமைப்பின் முறைப்படி நாடுகளே வைத்துப் பதிவு செய்வது அது. வி.ஓ என்று தொடங்கினால் தென்னிந்தியா, வி.ஏ மேற்கு, வி.இ கிழக்கு, வி.ஐ வடக்கு. பாக் நீரிணையைத் தாண்டினால் வி.சி, இலங்கை. சென்னை வி.ஓ.எம்.எம். மெட்ராஸ் மீனம்பாக்கம் என்று நாங்கள் அதைப் படித்துக்கொள்வோம். விமானி தரும் பயணத் திட்டத்திலும் வானிலை அறிக்கையிலும் இந்த நான்கெழுத்துதான் ஓடும். நிலையத்துக்கு உரிமம் கொடுப்பதும், டிக்கெட் பணத்தை எப்படித் திருப்பித் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதி போடுவதும் டி.ஜி.சி.ஏ. ஆகவே இந்தக் கடிதம் சரியான விலாசத்துக்குத்தான் வருகிறது.

பழைய குறியீடுகளை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. அப்படி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மெட்ராஸ் சென்னையாகி 1996 முதல் இத்தனை வருடமாகிறது, விமான நிலையக் குறியீடு இன்னும் ஏன் எம்.ஏ.ஏ என்று கோபப்படுவார்கள். எனக்கு அந்தக் கோபம் வருவதில்லை. சேர்த்துப் படித்தால் "மா". மாமரம், குதிரை, பெரியது என்று எத்தனை பொருள்! ரயில்வேயைப் பாருங்கள்: 2019இல் சென்ட்ரலுக்கு எம்.ஜி.ஆர் பெயர் வைத்தார்கள், குறியீடு எம்.ஏ.எஸ் என்றே இருக்கிறது. திருச்சி ஜங்ஷன் இன்றும் டி.பி.ஜே, அதாவது வெள்ளைக்காரன் காலத்து டிரிச்சினாப்பள்ளி. ஒருவரும் வழிதவறவில்லை.

பீகாரின் கயா விமான நிலைய விஷயம் உங்களுக்கே தெரியும். ஜி.ஏ.ஒய் என்ற எழுத்து, சேர்த்துப் படித்தால் தன்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் "கே" என்ற ஆங்கிலச் சொல்லாகிவிடுவதால், புண்ணியத் தலத்துக்குச் சங்கடமாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. ஒய்.ஏ.ஜி என்று மாற்று யோசனையும் சொன்னது. அது ஏற்கெனவே கனடாவின் ஃபோர்ட் பிரான்சிஸ். வைத்த குறியீடு நிலையானது, விமானப் பாதுகாப்பு போன்ற வலுவான காரணம் இல்லாமல் மாறாது என்பதுதான் கிடைத்த பதில். அமெரிக்காவில் சூ சிட்டி என்ற ஊருக்கு எஸ்.யு.எக்ஸ் என்று, கொச்சையாக ஒலிக்கிற குறியீடு. மாற்றித் தாருங்கள் என்று ஊர்க்காரர்கள் கேட்டபோது அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு கொடுத்த மாற்றுப் பட்டியலில் இதே ஜி.ஏ.ஒய்யும் இருந்ததாம்! கடைசியில் அவர்கள் பழையதையே வைத்துக்கொண்டு, டீ-ஷர்ட்டிலும் தொப்பியிலும் அச்சடித்து விற்கிறார்கள். கயாவிலும் மானம் போகிற விஷயம் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம்.

நான் கேட்க வந்தது இனிமேல் வைக்கப்போகும் குறியீட்டைப் பற்றி. பரந்தூர்.

நிலம் கொடுக்க மாட்டோம் என்று ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். அது தனி விஷயம்; அதைத் தீர்க்காமல் ஓடுதளம் போடக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் கொள்கையளவிலான ஒப்புதல் 2025 ஏப்ரலில் கிடைத்துவிட்டது. மீனம்பாக்கமும் தொடர்ந்து இயங்கும் என்கிறார்கள். அப்படியானால் எம்.ஏ.ஏ யாருக்கு?

இதுவரை நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2008 மார்ச்சில் ஐதராபாத்தின் புதிய நிலையமான ஷம்ஷாபாத் திறந்ததும் எச்.ஒய்.டி அங்கே போனது, பழைய பேகம்பேட்டுக்குப் பி.பி.எம் என்று புதிதாக ஒன்று. அதே ஆண்டு மே மாதம் பெங்களூரின் புதிய நிலையமான தேவனஹள்ளிக்குப் பி.எல்.ஆர் போனது. 2019 ஏப்ரல் 6 அன்று இஸ்தான்புல்லிலும் அப்படித்தான்: ஐ.எஸ்.டி புதிய நிலையத்துக்கு, பழைய அட்டாடர்க் நிலையத்துக்கு ஐ.எஸ்.எல். மூன்றெழுத்து ஊரோடு கிளம்பிப் போகும். நான்கெழுத்து அந்த மண்ணிலேயே கிடக்கும், எல்.டி.பி.ஏ இன்னும் அட்டாடர்க்தான். இந்த ஏற்பாடு குழப்பமில்லாமல் நடந்ததற்குக் காரணம், பழைய நிலையங்களில் வழக்கமான பயணிகள் விமானங்கள் நின்றுபோனதுதான்.

சென்னையில் இரண்டும் ஓடும். கோவா மாதிரி, மும்பை மாதிரி. கோவாவில் தபோலிம் ஜி.ஓ.ஐ, 2023 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய மோப்பா ஜி.ஓ.எக்ஸ். நவி மும்பைக்கு என்.எம்.ஐ. பழையது பழைய எழுத்தையே வைத்துக்கொண்டது, புதியது புதிது வாங்கிக்கொண்டது. சென்னைக்கும் இதுவே சரி. எம்.ஏ.ஏ மீனம்பாக்கத்திலேயே இருக்கட்டும். "சென்னை ஏர்போர்ட்" என்றால் திரிசூலம் ஸ்டேஷனுக்கு எதிரில் இருப்பது என்று ஜனங்களுக்குப் பழகிப்போயிற்று.

எனக்குப் பயம் வேறு ஒரு ஏற்பாட்டில். லண்டனுக்கு எல்.ஓ.என், நியூயார்க்குக்கு என்.ஒய்.சி என்று நகரம் முழுவதற்கும் ஒரு குறியீடு வைத்து, அதன் கீழே பல நிலையங்களைக் காட்டுவது போல, "சென்னை" என்று தேடினால் இரண்டும் ஒன்றாக வந்து விழப்போகிறது. மலிவானது மேலே நிற்கும். நகரத்திலிருந்து பரந்தூர் சுமார் 70 கிலோமீட்டர். தாம்பரத்துக்காரர் நள்ளிரவில் காஞ்சிபுரம் பக்கம் இறங்கி டாக்ஸிக்குக் கொடுக்கும் பணத்தில், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது கரைந்துபோகும். ஜெர்மனியில் பிராங்க்பர்ட்-ஹான் என்று ஒரு நிலையம் உண்டு. பிராங்க்பர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி. பெயரை நம்பி இறங்கியவர்கள் அங்கே ஏராளம்.

நான்கெழுத்துக்கு வருகிறேன். இதில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். தபோலிம் வி.ஓ.ஜி.ஓ. மோப்பா வி.ஓ.ஜி.ஏ. ஒரே மாநிலத்தில் இரண்டு நிலையம், கடைசி எழுத்து மட்டும் வேறு. ரேடியோவில் "ஆஸ்கர்", "ஆல்ஃபா" என்று சொல்லிப் பிரித்துக்கொள்வார்கள். பின்னிரவில் தூக்கக் கலக்கத்தோடு கணினியில் தட்டுகிறவருக்கு அந்த உதவி கிடையாது. நான் விமானி இல்லை. டி.ஆர்.இஸட்டும் டி.ஆர்.வியும் என்ன பாடுபடுத்தும் என்று பார்த்தவன், அவ்வளவுதான். பரந்தூருக்கு வைக்கும் நான்கெழுத்து வி.ஓ.எம்.எம்முக்குப் பக்கத்து வீடாக இருக்க வேண்டாம்.

இன்னொன்று, செலவில்லாதது. குறியீடு காட்டும் இடத்திலெல்லாம் நிலையத்தின் முழுப் பெயரையும் வெட்டாமல் காட்ட வேண்டும் என்று நிறுவனங்களுக்கும் டிக்கெட் விற்கும் இணையதளங்களுக்கும் விதி போடுங்கள். பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, பயணி தேர்ந்த மொழியில்: "நீங்கள் இறங்கப்போவது திருவனந்தபுரம்." "நீங்கள் ஏறப்போவது பரந்தூர்." இவ்வளவுதான். அறுபதாயிரம் ரூபாய்க்குத் துணி வாங்கினால் கூட, பில் போடுவதற்கு முன்னால் கடைப்பையன் ஒரு தடவை பிரித்துக் காட்டுவான்.

பரந்தூரின் எழுத்துகளை முடிவு செய்யும்போது, அறிவித்துவிட்டு எங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதற்குப் பதிலாக, முன்பே பொதுவில் வைத்துக் கருத்துக் கேளுங்கள். தமிழிலும் கேளுங்கள். என்னைப் போன்ற கடைக்காரர்கள், மீனம்பாக்கத்தில் சுமை தூக்குகிறவர்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள் எல்லாரிடமும் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

புதுக்கோட்டைத் தம்பி அடுத்த மாதம் மறுபடி ஊருக்கு வருகிறார். டிக்கெட் நான்தான் போட்டேன். அச்செடுத்து, டி.ஆர்.இஸட்டைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, பக்கத்தில் "நம்ம திருச்சி" என்று எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
டிக்கெட் போடும் கடைக்காரன்,
திருச்சிராப்பள்ளி